ஷிப்ட் மாறும்போது விழும் டிரைவர்: நினைவக முகவரிப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தேடுவது

திருமங்கலம் தாண்டி ஒரு நூல் மில். ஸ்பின்னிங் மெஷினில் நூல் அறுந்தால் எண்ணிச் சொல்லும் சென்சார் கார்டு ஒன்றுக்கு நான் விண்டோஸ் டிரைவர் எழுதிக் கொடுத்திருந்தேன். எட்டு மணி நேரம் ஒழுங்காக ஓடும். காலை 6, மதியம் 2, இரவு 10 என ஷிப்ட் மாறும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் நீலத்திரை வரும். எல்லா ஷிப்டிலும் வராது, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை வரும். “ஆள் மாறினாலே படுத்துருதுண்ணே” என்றார் மில் எலெக்ட்ரீஷியன். பாதி விடையை அவர் அப்போதே சொல்லிவிட்டார். அது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது.

என் டிரைவரில் முகவரியைச் சோதிக்கும் வரி இருந்தது. எம்எம்-ஈஸ்-அட்ரஸ்-வேலிட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு, அது ‘சரி’ என்றால்தான் எழுதுவேன். அந்த வரியை நம்பித்தான் மூன்று வாரமும் வேறு இடத்தில் தேடினேன். இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். இப்போது நம் ஊர்ப் பக்கம் கார்டு, தறி, தராசு, சிஎன்சி மெஷின் என்று சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் கோடில் பத்தில் ஏழு தடவை இதே வரியைப் பார்க்கிறேன்.

கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், ‘இந்த முகவரி செல்லுமா’ என்று கேட்டு வாங்கும் பதில், கேட்ட அந்த நொடிக்கு மட்டும்தான் செல்லும். அது யாருடைய முகவரி, அங்கிருந்து எத்தனை பைட் நமக்குச் சொந்தம், எதுவரை அது அங்கேயே இருக்கும் என்று கேட்டால்தான் பிழை பிடிபடும். கீழே உள்ள அறிகுறிகள் எல்லாம் இந்தக் கேள்விகளில் ஏதோ ஒன்றைக் கேட்காமல் விட்டதால் வருபவை.

எதற்கும் முன்னால்: முகவரியை எழுதி வையுங்கள்

விழுந்த இடத்தை ஊகிக்க வேண்டாம். விண்டோஸ் என்றால் விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் இருக்கும் டம்ப் கோப்பை (விழுந்த நொடியின் நினைவகப் பதிவு) விண்டிபக் என்ற டீபக்கரில் திறந்து அனலைஸ் கட்டளை கொடுங்கள். லினக்ஸ் என்றால் டிமெசேஜில் (கெர்னலின் பதிவு) வரும் ஊப்ஸ் என்ற பிழைச் செய்தியை முழுதாக எடுங்கள், கடைசி நாலு வரியை மட்டும் அல்ல. மெஷின் உறைந்துபோய் எதுவும் கிடைக்காவிட்டால் சீரியல் கேபிளோ நெட்கன்சோலோ வைத்து இன்னொரு மெஷினில் பதிவு செய்யுங்கள்.

எடுத்ததில் நான்கு விஷயம் வேண்டும். தொட முயன்ற முகவரி, அது படிப்பா எழுத்தா, அந்த நேரத்து ஐஆர்கியூஎல் (விண்டோஸில் பிராசசரின் முன்னுரிமை நிலை) அல்லது இண்டரப்ட் (கார்டு பிராசசரைக் கூப்பிடும் சிக்னல்) நிலை, எந்த புராசஸின் சூழலில் நடந்தது. டி1 என்ற பிழை எண்ணோடு வரும் விண்டோஸ் நீலத்திரையில் முதல் மூன்றும் முகவரி, ஐஆர்கியூஎல், படிப்பா எழுத்தா என்ற வரிசையில் அளவுருக்களாகவே வரும். மூன்றாவதில் 0 என்றால் படிப்பு, 1 என்றால் எழுத்து. நாலாவதாக வருவது தொட்ட கோடின் முகவரி. எந்த புராசஸ் என்பதை மட்டும் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். டம்பில் டிரைவர் விழுந்தபோது ஓடிக்கொண்டிருந்த புராசஸின் பெயர் இருக்கும். என் மில் டம்புகளில் அது ஒரு தடவை பிரிண்டர் சேவை, ஒரு தடவை ஆன்டிவைரஸ், ஒரு தடவை ஐடில். என் புரோகிராமின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அதைப் பார்த்த அன்றே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

அறிகுறி: முகவரி மிகச் சிறிய எண், 8 அல்லது 28 போல

இது நல் பாயிண்டர், அதாவது எதையும் சுட்டாத பாயிண்டர். ஸ்ட்ரக்சரின் முகவரி பூஜ்யம், அதற்குள் இருக்கும் ஒரு ஃபீல்டைத் தொட்டிருக்கிறீர்கள். அந்தச் சிறிய எண்தான் ஃபீல்டின் தூரம். லினக்ஸில் பாஹோல் கருவி ஸ்ட்ரக்சரின் ஒவ்வொரு ஃபீல்டும் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்று காட்டும். எண்ணைப் பொருத்திப் பார்த்தால் எந்த ஃபீல்ட் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஊப்ஸ் காட்டும் எண் ஹெக்ஸில் இருக்கும், பாஹோல் தசமத்தில் காட்டும், மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு நல் சோதனையைச் சேர்த்து மூடிவிடலாம் என்று கை போகும். முதலில் அது ஏன் நல் ஆனது என்று பாருங்கள். பெரும்பாலும் புரோப் ஃபங்ஷன் (கார்டைக் கண்டதும் கெர்னல் கூப்பிடும் தொடக்க ஃபங்ஷன்) முடிவதற்கு முன்பே இண்டரப்டைப் பதிவு செய்திருப்பீர்கள். முதல் இண்டரப்ட் வரும்போது ஸ்ட்ரக்சர் இன்னும் நிரம்பியிருக்காது. சோதனையைச் சேர்த்தால் விழுவது நிற்கும், ஆனால் அந்த முதல் இண்டரப்ட் தொலைந்துபோகும்.

நல் சோதனை எவ்வளவு குறைவான காவல் என்பதற்கு 2024 ஜூலை 19-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு டிரைவர் 20 உள்ளீடுகள் இருந்த பட்டியலில் 21-ஆவதைப் படிக்கப் போனது. அங்கே கிடைத்த எண்ணை முகவரி என்று எடுத்துக்கொண்டு தொட்டது. அது பூஜ்யம் அல்ல, அதனால் நல் சோதனை எதையும் தடுத்திருக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன. அங்கே தேவைப்பட்டது பட்டியலின் நீளத்தைப் பார்க்கும் ஒரு வரி. பட்டியலின் எல்லைக்குள் நின்றிருந்தால் முகவரியைச் சோதிக்கும் தேவையே வந்திருக்காது.

அறிகுறி: முகவரி முழுக்க எஃப், கடைசியில் மட்டும் வேறு எழுத்து

லினக்ஸில் பதினைந்து எஃப் வந்து கடைசியில் 4 என்றால், அது முகவரியே இல்லை, மைனஸ் 12 என்ற பிழை எண். நினைவகம் கிடைக்கவில்லை என்று பொருள். மைனஸ் 1 முதல் மைனஸ் 4095 வரையான பிழை எண்களை கெர்னல் பாயிண்டர் வடிவில் திருப்பித் தரும். நீங்கள் நல் தானா என்று மட்டும் பார்த்துவிட்டு உள்ளே போயிருக்கிறீர்கள். ஈஸ்_எர்ர் வைத்துப் பாருங்கள். போர்டு டிரைவர்களில் அடிக்கடி வருவது டிஎஃப்பி என்று முடியும் முகவரி. அது மைனஸ் 517, நமக்கு வேண்டிய கிளாக்கோ ரெகுலேட்டரோ இன்னும் தயாராகவில்லை, பிறகு வா என்று கெர்னல் சொல்வது. அதை அப்படியே மேலே திருப்பிக் கொடுத்தால் போதும், புரோபைக் கெர்னலே மறுபடி கூப்பிடும்.

அறிகுறி: 6பி6பி6பி என்று திரும்பத் திரும்ப, அல்லது டெட் என்று தொடங்கும் முகவரி

விடுவித்த நினைவகத்தைத் தொடுகிறீர்கள். டீபக் வசதி போட்ட லினக்ஸ் கெர்னல், விடுவித்த இடத்தை 6பி என்ற பைட்டால் நிரப்பி வைக்கும். லிஸ்டிலிருந்து நீக்கிய உறுப்பின் இரண்டு பாயிண்டர்களிலும் டெட் என்று தொடங்கி 100, 122 என முடியும் மதிப்புகளை எழுதும். ஒரே உறுப்பை இரண்டு தடவை நீக்கினால் அங்கே போய் முட்டும். எக்ஸ்86 மெஷினில் இது பேஜ் ஃபால்ட்டாக வராமல் ஜெனரல் புரொடெக்‌ஷன் ஃபால்ட்டாக வரும். காரணம், 64 பிட் முகவரியில் 48 பிட்தான் வழக்கமாகப் பயன்படுகிறது. மேலே மிச்சமுள்ள 16 பிட்டும் 47-ஆம் பிட்டின் நகலாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத முகவரியை பிராசசர் பேஜ் டேபிள் வரை கொண்டுபோகவே செய்யாது.

யார் விடுவித்தது என்று அறிய, சோதனை மெஷினில் கேசான் என்ற நினைவகப் பிழை தேடும் வசதி போட்ட கெர்னலை ஓட்டுங்கள். ஒதுக்கிய இடம், விடுவித்த இடம், தொட்ட இடம் என்று மூன்று ஸ்டாக்கையும் அதுவே காட்டும். விண்டோஸில் இதற்கு ஈடு, டிரைவர் வெரிஃபையர் என்ற சோதனைக் கருவியின் ஸ்பெஷல் பூல். ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் தனிப் பக்கத்தில் (பக்கம் என்பது நினைவகத்தைப் பிரித்து நிர்வகிக்கும் துண்டு) வைத்து, அதை ஒட்டியே தொட முடியாத பக்கம் ஒன்றையும் வைத்துவிடும். எல்லை தாண்டிய அந்த நொடியிலேயே விழும். ஒரு மணி நேரம் கழித்து வேறெங்கோ விழுவதைத் தேடுவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

அறிகுறி: என் மெஷினில் ஓடுகிறது, அங்கே டி1 நீலத்திரை

உங்கள் மெஷினில் 32 ஜிபி ரேம், மில்லில் 4 ஜிபி. ரேம் பற்றாதபோது விண்டோஸ் பேஜ்டு பூல் (டிஸ்க்குக்குப் போகலாம் என்று ஒதுக்கிய கெர்னல் நினைவகம்) பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பிவிடும். ஐஆர்கியூஎல் 2 அல்லது மேலே இருக்கும்போது அந்தப் பக்கத்தைத் தொட்டால் டிஸ்க்கிலிருந்து எடுத்து வர வழியில்லை, உடனே விழும். உங்களிடம் ரேம் நிறைய இருப்பதால் பக்கம் வெளியே போவதே இல்லை.

இங்கேதான் எம்எம்-ஈஸ்-அட்ரஸ்-வேலிட் நல்ல தீர்வு மாதிரித் தெரியும். அது பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த நொடியில் தொட்டால் பேஜ் ஃபால்ட் வருமா என்று. டிஸ்க்குக்குப் போன பக்கத்துக்கு ‘செல்லாது’ என்று சொல்லும், உங்கள் தரவு அங்கே பத்திரமாக இருந்தாலும். நீங்கள் அந்த எழுத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். நீலத்திரை நின்றுவிடும், ஆனால் அறிக்கையில் நூல் அறுந்த கணக்கு இடையிடையே குறையும். இதை நான் பெரிய ஆபத்தாக நினைக்கிறேன், ஏனென்றால் விழுந்தால் தெரியும், கணக்கு குறைந்தால் தெரியாது. மைக்ரோசாஃப்டின் ஆவணமே இந்த ஃபங்ஷனைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

செய்ய வேண்டியது இது. உயர்ந்த ஐஆர்கியூஎல்-இல் தொடப்போகும் எதையும் நான்-பேஜ்டு பூலில் ஒதுக்குங்கள். அந்த ஃபங்ஷனின் கோடையும் பேஜ்டு பகுதியில் போடாதீர்கள். பிறகு வெரிஃபையரில் ஐஆர்கியூஎல் சோதனையைக் கட்டாயமாக்கி ஓட்டுங்கள். ஐஆர்கியூஎல் உயரும்போதெல்லாம் அது பேஜ்டு பக்கங்களைச் செல்லாததாக்கிவிடும், 32 ஜிபி மெஷினும் 4 ஜிபி மெஷின் மாதிரி நடந்துகொள்ளும்.

லினக்ஸில் கெர்னலின் சொந்த நினைவகம் டிஸ்க்குக்குப் போகாது, ஆனால் பயனர் பக்கம் போகும். ஸ்பின்லாக் (விடும்வரை தூங்கக் கூடாத பூட்டு) பிடித்துக்கொண்டு காப்பி_ஃப்ரம்_யூசர் கூப்பிட்டால் அதே கதைதான். அட்டாமிக் ஸ்லீப் டீபக் வசதியைப் போட்டால், தூங்கக்கூடிய ஃபங்ஷனைத் தவறான இடத்தில் கூப்பிட்டதாக வரி எண்ணோடு சொல்லும்.

அறிகுறி: புரோகிராமை மூடும்போது மட்டும் விழுகிறது, அல்லது சம்பந்தமில்லாத வேறு புரோகிராம் கெட்டுப்போகிறது

மில் கதை இதுதான். ஷிப்ட் மாறும்போது பழைய ஆபரேட்டர் புரோகிராமை மூடுவார், புதியவர் தன் எண்ணைப் போட்டு மறுபடி திறப்பார். எலெக்ட்ரீஷியன் சொன்ன ‘ஆள் மாறினாலே’ என்பதன் பொருள் அது.

என் ஐஓசிடிஎல் (புரோகிராம் டிரைவருக்கு அனுப்பும் கட்டளை) மெத்தட்_பஃபர்டு வகை. அதாவது பயனர் தரும் ஸ்ட்ரக்சரை விண்டோஸே கெர்னல் பஃபருக்கு நகல் எடுத்துத் தரும், பாதுகாப்பான வகை. ஆனால் அந்த ஸ்ட்ரக்சருக்குள் ஒரு பாயிண்டர் வைத்திருந்தேன். ‘எண்ணிக்கையை இந்த இடத்தில் எழுது’ என்று புரோகிராம் சொல்லும் முகவரி. விண்டோஸ் நகல் எடுப்பது வெளி ஸ்ட்ரக்சரை மட்டும்தான். உள்ளே பொதிந்த பாயிண்டர் அது எங்கே சுட்டுகிறதோ அப்படியே வரும். அதை எடுத்து வைத்துக்கொண்டு, இண்டரப்ட் வரும்போதெல்லாம் டிபிசி-யிலிருந்து (இண்டரப்டின் மிச்ச வேலையைச் சற்றுப் பிறகு செய்யும் ஃபங்ஷன்) அங்கே எழுதினேன்.

டிபிசி எந்த புராசஸின் சூழலில் ஓடும் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் பிராசசரில் யார் இருந்தாரோ அவர் சூழலில் ஓடும். பயனர் முகவரி என்பதோ புராசஸுக்குப் புராசஸ் வேறு. கோயில் ஊர் எதை எடுத்தாலும் வடக்கு ரத வீதி இருக்கும், அதில் 12-ஆம் எண் வீடும் இருக்கும். ஊர்ப் பெயர் இல்லாமல் ‘வடக்கு ரத வீதி, 12’ என்று மட்டும் எழுதிய கடிதத்தை, தபால்காரர் அன்றைக்கு எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊரில் கொடுத்துவிடுவார். வீடு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றுதான் பதில் வரும். எம்எம்-ஈஸ்-அட்ரஸ்-வேலிட் எனக்குச் சொன்ன ‘சரி’ அந்த மாதிரிதான். ஊர் மாறிப் போயிருந்தது, வீடு இருந்தது.

அப்படியானால் ஷிப்ட் நேரத்தில் மட்டும் ஏன் விழுந்தது? அந்த மெஷினில் பெரும்பாலான நேரம் என் புரோகிராம்தான் ஓடிக்கொண்டிருக்கும், அது ஒரு லூப்பில் விடாமல் சுற்றும். அதனால் பெரும்பாலான டிபிசி-கள் சரியான ஊரிலேயே இறங்கின. புரோகிராமை மூடியதும் அந்த ஊரே இல்லை. ஆனால் டிரைவர் பாயிண்டரை விடவில்லை. அப்போது வந்த ஒவ்வொரு இண்டரப்டும் வேறு யாரோ ஒருவரின் நினைவகத்தில் ஓர் எண்ணை எழுதியது. எழுதக் கூடாத பக்கமாக இருந்தால் நீலத்திரை, எழுதக்கூடிய பக்கமாக இருந்தால் சத்தமே இல்லாமல் அந்த புரோகிராமின் தரவு கெட்டது. பிரிண்டர் அவ்வப்போது குப்பையாக அச்சடிக்கிறது என்று மில் ஆபீஸில் தனியாக ஒரு புகார் இருந்தது. நான் டிரைவரைத் திருத்திய பிறகு அதுவும் நின்றது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி: டம்பில் தொட்ட முகவரியைப் பாருங்கள். 64 பிட் விண்டோஸில் முகவரிகளின் கீழ்ப்பாதி, அதாவது முதல் 128 டிபி, பயனருக்கு. மேல்பாதி கெர்னலுக்கு. ஐஆர்கியூஎல் 2-இல் விழுந்து, முகவரி நல் பாயிண்டர் மாதிரிச் சிறிய எண்ணாக இல்லாமல் கீழ்ப்பாதியில் இருந்தால், வேறு எதையும் பார்க்க வேண்டாம். பயனர் பாயிண்டரை எடுத்து வைத்துக்கொண்டு பிறகு தொடுகிறீர்கள்.

திருத்தம் இரண்டு வகை. சிறிய தரவு என்றால் பாயிண்டரையே எடுத்துவிடுங்கள். புரோகிராம் ஒரு ஐஆர்பி-யை (டிரைவருக்கு வரும் கோரிக்கை) அனுப்பிக் காத்திருக்கட்டும், தரவு வந்ததும் அதன் பஃபரில் எழுதி முடித்துவிடுங்கள். பெரிய தரவு என்றால் மெத்தட்_அவுட்_டைரக்ட். அதில் விண்டோஸே பயனரின் பக்கங்களைப் பூட்டி எம்டிஎல் (பூட்டிய பக்கங்களின் பட்டியல்) ஒன்றாகத் தரும். எம்எம்-கெட்-சிஸ்டம்-அட்ரஸ்-ஃபார்-எம்டிஎல்-சேஃப் கூப்பிட்டால் அதே பக்கங்களுக்கு மேல்பாதியில் ஒரு முகவரி கிடைக்கும். அந்த முகவரி எந்த புராசஸிலிருந்து பார்த்தாலும் ஒரே வீடு. அதுவும் நல் திருப்பித் தரலாம், அதைப் பாருங்கள். ஐஆர்பி முடியும்வரை அது நகராது.

பூட்டியதைத் திறக்கும் பொறுப்பு கூடவே வரும். நீங்களே எம்எம்-புரோப்-அண்ட்-லாக்-பேஜஸ் கூப்பிட்டுப் பூட்டியிருந்து, புராசஸ் முடிவதற்குள் திறக்காவிட்டால் 76 நீலத்திரை. விண்டோஸ் பூட்டித் தந்திருந்து, ஐஆர்பி-க்கு ரத்து வழி எழுதாவிட்டால் புரோகிராம் மூடவே மூடாது. டாஸ்க் மேனேஜரில் கொன்றாலும் பெயர் அங்கேயே நிற்கும். அது தொந்தரவாகத் தெரிந்தாலும் நல்ல அறிகுறிதான். உங்கள் ஐஆர்பி ஒன்று எங்கோ முடியாமல் கிடக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

லினக்ஸில் இதே பிழை வொர்க்கியூவிலோ கெர்னல் திரெட்டிலோ காப்பி_டு_யூசர் கூப்பிடும்போது வரும். கெர்னல் திரெட்டுக்குச் சொந்த முகவரி வெளி கிடையாது, முன்னால் ஓடிய புராசஸுடையதை இரவல் வாங்கி ஓடும். அதனால் இங்கும் அடுத்த வீட்டில் எழுதும் ஆபத்து உண்டு. பின்_யூசர்_பேஜஸ் வைத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது எம்மேப் வழியாகக் கெர்னல் பஃபரையே புரோகிராமுக்குக் காட்டுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். நினைவகம் டிரைவருடையது, புரோகிராம் செத்தாலும் அது இருக்கும்.

அறிகுறி: டிரை-எக்செப்ட் போட்டும் 50 நீலத்திரை

டிரை-எக்செப்ட் பிடிப்பது பயனர் முகவரியில் வரும் பிழையை. கெர்னல் பாதியில் செல்லாத முகவரியைத் தொட்டால் எக்செப்ஷன் உங்கள் கைக்கு வராது, நேரே 50. ஆக, பயனர் கொடுத்ததாக நீங்கள் நினைக்கும் முகவரி உண்மையில் கெர்னல் முகவரி. புரோப்-ஃபார்-ரீட், புரோப்-ஃபார்-ரைட் இரண்டும் இருப்பது இதைத் தடுக்கத்தான். கொடுத்த வீச்சு முழுதும் பயனர் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் எக்செப்ஷன் எறியும். இந்த எக்செப்ஷனைப் பிடிக்க முடியும். கேட்ட புராசஸின் சூழலிலேயே, டிரை-க்கு உள்ளேயே அவற்றைக் கூப்பிட வேண்டும்.

புரோப் போட்டிருந்தும் விழுந்தால் நீளத்தைப் பாருங்கள். நீளம் பூஜ்யம் என்றால் புரோப் எதையும் சோதிக்காமல் திரும்பிவிடும். பயனர் நீளம் 0 என்று அனுப்பி, நீங்கள் புரோப் கூப்பிட்டு, பிறகு ‘எப்படியும் தலைப்பு 16 பைட் இருக்கும்’ என்று படித்தால், சோதனை இல்லாமலேயே படித்திருக்கிறீர்கள். இன்னொன்று, எண்ணிக்கையை உறுப்பின் அளவால் பெருக்கும் இடம். 32 பிட்டில் பெருக்கினால் பெரிய எண் சுற்றி வந்து சின்ன எண் ஆகிவிடும். புரோப் அந்தச் சின்ன எண்ணைச் சோதிக்கும், லூப் பெரிய எண்வரை ஓடும். பெருக்குவதற்கு முன் எல்லை பாருங்கள். லினக்ஸில் செக்_மல்_ஓவர்ஃப்ளோ இதற்கென்றே இருக்கிறது.

இந்தப் பிழையில் மெஷின் விழுவது சின்ன விஷயம். சாதாரண பயனர் ஒருவர் கெர்னல் முகவரி ஒன்றைக் கொடுத்து, உங்கள் டிரைவர் வழியாக அங்கே எழுதவைத்தால் மெஷினே அவர் கைக்குப் போய்விடும். லினக்ஸின் மைய கோடிலேயே இது நடந்தது. 4.13 பதிப்பில் வெயிட்ஐடி சிஸ்டம் காலில் அக்செஸ்_ஓகே என்ற ஒரே ஒரு சோதனை விடுபட்டுப் போனது. 2017-இல் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். பல கண்கள் பார்க்கும் கோடிலேயே ஒரு வரி தப்புகிறது என்றால், நாம் தனியாக உட்கார்ந்து எழுதும் டிரைவரை எத்தனை தடவை படித்துப் பார்க்க வேண்டும்!

அறிகுறி: சோதனை எல்லாம் சரி, ஆனாலும் எப்போதாவது பஃபர் நிரம்பி வழிகிறது

நீளத்தை இரண்டு தடவை படிக்கிறீர்கள். முதல் தடவை பயனர் நினைவகத்திலிருந்து படித்து ‘4096-க்குள் இருக்கிறது, சரி’ என்கிறீர்கள். இரண்டாவது தடவை அதே இடத்திலிருந்து படித்து நகல் எடுக்கிறீர்கள். இடையில் பயனரின் இன்னொரு திரெட் அந்த எண்ணை மாற்றிவிட்டது. 2013-இல் பாக்ஸ்பூன் என்ற ஆய்வு இந்த ஒரே வகைப் பிழையை மட்டும் விண்டோஸ் கெர்னலில் தேடி ஏராளமாகக் கண்டுபிடித்தது.

திருத்தம் எளிது. முழு ஸ்ட்ரக்சரையும் ஒரே தடவை கெர்னல் பக்கம் நகல் எடுங்கள். சோதனை, பயன்பாடு இரண்டும் நகலின் மேல்தான். அதற்குப் பிறகு பயனர் பாயிண்டர் கோடில் எங்கேயும் வரக் கூடாது. எம்டிஎல் வைத்துப் பூட்டிய பக்கத்துக்கும் இது பொருந்தும். பூட்டினால் பக்கம் நகராது, உள்ளே இருப்பது மாறலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: பழைய மெஷினில் ஓடிய லினக்ஸ் டிரைவர் புதிய மெஷினில் முதல் அழைப்பிலேயே விழுகிறது

அக்செஸ்_ஓகே போட்டு, பிறகு பயனர் பாயிண்டரை நேராகத் தொட்டிருப்பீர்கள். பழைய பிராசசர் அதை விட்டுவிடும். 2014-இல் வந்த பிராட்வெல் தலைமுறையிலிருந்து இன்டெல் பிராசசர்களில் ஸ்மேப் என்ற காவல் இருக்கிறது. கெர்னல் பயனர் பக்கத்தைத் தொட வேண்டுமென்றால் அதற்கென வைத்த ஃபங்ஷன் வழியாகத்தான் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஃபால்ட். புதிய மெஷின்மேல் குறை இல்லை, டிரைவர் முதலிலிருந்தே தப்பு.

அக்செஸ்_ஓகே பார்ப்பது வீச்சு பயனர் பாதிக்குள் இருக்கிறதா என்பதை மட்டுமே. அங்கே பக்கம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. காப்பி_ஃப்ரம்_யூசர் இரண்டையும் சேர்த்துச் செய்யும், அதையே பயன்படுத்துங்கள். அது திருப்பித் தருவது நகல் ஆகாமல் மிஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கை. பூஜ்யம் என்றால்தான் வெற்றி. அந்த எண்ணை அப்படியே ரைட் அழைப்பின் பதிலாகக் கொடுத்தால், புரோகிராம் அத்தனை பைட் எழுதியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். மைனஸ் ஈஃபால்ட், அதாவது மைனஸ் 14 கொடுங்கள்.

கோடில் இந்த இடங்களைத் தேட ஸ்பார்ஸ் கருவியைச் சி=2 என்று கொடுத்து மேக் ஓட்டுங்கள். பயனர் பாயிண்டருக்கெல்லாம் யூசர் குறி போட்டிருந்தால், நேராகத் தொடும் ஒவ்வொரு வரியையும் காட்டிவிடும்.

அறிகுறி: 64 பிட் புரோகிராம் ஓடுகிறது, பழைய 32 பிட் புரோகிராமுக்கு மட்டும் குப்பை

பாயிண்டர் அங்கே 4 பைட், இங்கே 8. ஸ்ட்ரக்சரின் அமைப்பே மாறிவிடுகிறது. லினக்ஸில் காம்பாட் ஐஓசிடிஎல் தனியாக எழுதுங்கள். புதிதாக எழுதுவதென்றால் பாயிண்டரை எப்போதும் 64 பிட் எண்ணாகவே ஸ்ட்ரக்சரில் வையுங்கள், இந்தப் பிரச்சினையே வராது.

அறிகுறி: எதுவும் விழவில்லை, டிஎம்ஏ தரவு மட்டும் தப்பு

டிஎம்ஏ என்றால் பிராசசரை நடுவில் வைக்காமல் கார்டே ரேமைத் தொடுவது. கார்டுக்கு நீங்கள் கொடுத்த முகவரி கார்டுக்குப் புரியாத முகவரி. விமாலாக்கில் ஒதுக்கிய பஃபரின் பக்கங்கள் ரேமில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். அதை வர்ட்_டு_ஃபிஸ் போட்டு மாற்றினால் பொருளில்லாத எண் கிடைக்கும். லோக்கல் மாறியில், அதாவது ஸ்டாக்கில், பஃபர் வைத்து டிஎம்ஏ செய்வதும் அப்படித்தான். 2016-இல் வந்த 4.9 கெர்னலிலிருந்து எக்ஸ்86-இல் ஸ்டாக்கும் அந்தச் சிதறிய பகுதிக்கு மாறலாம். கேமாலாக்கில் ஒதுக்கி, டிஎம்ஏ_மேப்_சிங்கிள் தரும் முகவரியைக் கொடுங்கள், டிஎம்ஏ_மேப்பிங்_எர்ரர் வைத்து அதையும் சோதியுங்கள். கார்டு 32 பிட் முகவரிதான் புரிந்துகொள்ளும் என்றால் டிஎம்ஏ மாஸ்க்கில் (கார்டு எத்தனை பிட் முகவரி தொடும் என்று கெர்னலுக்குச் சொல்வது) அதைச் சொல்லிவிடுங்கள். 4 ஜிபிக்கு மேல் ரேம் போட்ட பிறகுதான் கெடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது மாஸ்க்கைத்தான்.

திருத்திய பிறகு: கொன்று பாருங்கள்

முகவரிப் பிழை போய்விட்டது என்று சும்மா ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. டிரைவர் வேலையின் நடுவில் இருக்கும்போது புரோகிராமைத் திடீரெனக் கொல்ல வேண்டும், திரும்பத் திரும்ப. மில்லில் ஆயுத பூஜைக்கு மெஷின்களை நிறுத்திச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அந்த விடுமுறையில் மெஷினை வாங்கிக்கொண்டேன். ரேமை 2 ஜிபி ஆக்கி, வெரிஃபையரில் ஸ்பெஷல் பூலையும் ஐஆர்கியூஎல் சோதனையையும் போட்டு, சென்சாருக்குப் பதிலாக ஒரு பல்ஸ் ஜெனரேட்டரை வைத்தேன். புரோகிராமைத் திறப்பது, சில நொடி ஓடவிடுவது, கொல்வது என்று ஒரு ஸ்கிரிப்ட். ஒவ்வொரு தடவையும் காத்திருக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் எப்போதும் ஒரே புள்ளியில்தான் கொல்வோம்.

பழைய டிரைவர் நாலாவது தடவையிலேயே விழுந்தது. மூன்று வாரம் தேடியதை ஐந்து நிமிடத்துக்குள் காட்டிவிட்டது. புதியதைப் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். விடிகாலையில் 11-ஆயிரம் சொச்சம் தடவை கொன்று முடித்து ஓடிக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் சாகாத புராசஸ் ஒன்றுகூட இல்லை, நான்-பேஜ்டு பூலின் அளவு முதல் நாள் மாலையில் இருந்த அளவிலேயே இருந்தது. வெரிஃபையரை எடுத்துவிட்டு, பழைய ரேமைத் திரும்ப மாட்டி, காலை 6 மணி ஷிப்டுக்கு மெஷினைக் கொடுத்தேன்.